டி.சி. எவ்வளவு?

சுருக்கி எழுதுகிறவர்களை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. முழு வார்த்தையை எழுதினால் கை தேய்ந்தா போகும்? இரண்டு எழுத்தைப் போட்டுவிட்டு மிச்சத்தை நம் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பம்பாயில் இந்தப் பழக்கம் கொஞ்சம் கூடுதல். ரயில், ஆபீஸ், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, எங்கே போனாலும் இரண்டெழுத்தும் மூன்றெழுத்தும்தான். அதில் டி.சி. என்கிற இரண்டெழுத்து என்னை நாற்பது வருஷமாகத் துரத்திக்கொண்டிருக்கிறது. போன வருஷம் அது என்னை என் மகளிடமே பொய் சொல்ல வைத்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் டி.சி. ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது முடித்துவிட்டு பம்பாயில் மாட்டுங்கா லேபர் கேம்புக்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அப்பா தாராவியில் ஒரு தோல் பட்டறையில் வேலை பார்த்தார். பள்ளியில் கொடுக்கும் மாற்றுச் சான்றிதழை ஊரில் எல்லாரும் டி.சி. என்றுதான் சொல்வோம். அது கசங்கிவிடக் கூடாதென்று ரயிலில் இரண்டு நாளும் மடியிலேயே வைத்திருந்தேன். இங்கே பள்ளிக்கூட ஆபீசில் இருந்த மராட்டிக்காரக் கிளார்க் எல்.சி. எங்கே என்றார். எல்.சி. இல்லை, டி.சி. இருக்கிறது என்றேன். டி.சி. வேண்டுமானால் ஸ்டேஷனில் போய்ப் பார், இங்கே எதற்கு வந்தாய் என்று அவர் இந்தியில் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பம்பாயில் டி.சி. என்றால் டிக்கெட் செக்கர் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாததற்குச் சிரித்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்.சி. கேட்கிறார்கள் என்றேன். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. எல்.சி. என்றால் லேபர் கேம்ப், வேறென்ன? எங்களுக்கு வருகிற கடிதங்களில் விலாசத்தை அப்படித்தானே சுருக்கி எழுதுவார்கள். கேம்பில் குடியிருக்கிறோம் என்பதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள் என்று அவரே முடிவுகட்டி, ஒரு வாரம் அலைந்து, கமிட்டிக்காரரைக் கெஞ்சி, ரப்பர் ஸ்டாம்ப் அடித்த ஒரு கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்தார். கிளார்க் அதை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு, என் கையிலிருந்த பிளாஸ்டிக் உறையை வாங்கிப் பிரித்தார். அவர் எல்.சி. என்று கேட்டதும் நான் டி.சி. என்று வைத்திருந்ததும் ஒரே காகிதம். அங்கே மாற்றுச் சான்றிதழ், இங்கே லீவிங் சர்டிபிகேட், பள்ளியை விட்டதற்கான சான்றிதழ். அதற்குள் பத்து நாள் பாடம் போய்விட்டது.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவரும் டி.சி.யாகவே வந்து வாய்த்தார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர், ஹார்பர் லைனில் வேலை. கேம்பில் என் வயதுப் பெண்கள் விடவில்லை. அன்றைக்கே கிளார்க் சொன்னாரே, டி.சி. ஸ்டேஷனில்தான் கிடைக்கும் என்று, நீதான் கேட்காமல் பள்ளிக்கூடத்தில் தேடினாய் என்று கல்யாணத்தன்று வரை கேலி செய்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு செம்பூருக்கு வந்தோம். அவர் வாஷியிலும் மான்குர்த்திலும் கறுப்புக் கோட்டோடு நின்ற காலம் முழுக்க அக்கம்பக்கத்தில் அவர் டி.சி. அண்ணாச்சி, நான் டி.சி. அண்ணாச்சி வீட்டுக்காரி. என் பெயர் என்ன என்று அந்தக் கட்டடத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. கோட்டைப் பக்கம் ஒரு சரக்குக் கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் கிளார்க். அங்கேயும் ஒரு டி.சி. இருந்தது. மூலப் பத்திரத்தையும் அதன் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக வாய்விட்டு வாசித்து, எண்ணுக்கு எண் சரிபார்த்து, நகலின் அடியில் ட்ரூ காப்பி, உண்மை நகல் என்று ஆங்கிலத்தில் முத்திரை குத்த வேண்டும். ரிஜிஸ்டரில் அதை டி.சி. என்று எழுதுவோம். முத்திரைக்கு மேலே மானேஜர் கையெழுத்துப் போடுவார். நான் பார்த்துவிட்டேன் என்றால் அவர் பார்க்கவே மாட்டார். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு எண் மாறி நான் முத்திரை குத்தியதில்லை. பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் வேறு அதிகம் இல்லை.

வாய்விட்டு வாசிக்கிற அந்தப் பழக்கம் மட்டும் வேலையை விட்ட பிறகும் போகவில்லை. மின்சார பில்லானாலும் மருந்துச் சீட்டானாலும் முணுமுணுத்துக்கொண்டேதான் படிப்பேன். எழுதும்போதும் அப்படித்தான். மகள் சின்ன வயதில் இதைக் கண்டு சிரிப்பாள்.

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் கூட ஆகவில்லை, கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வலியில்லாத கட்டி என்று அலட்சியமாக விட்டோம். பரிசோதனைக்கு மேல் பரிசோதனை செய்து, நிணநீர் முடிச்சில் புற்றுநோய் என்றார்கள். ஆறு கீமோ, மூன்று வாரத்துக்கு ஒன்று, முழுதும் போட்டுவிட்டால் நன்றாக வாய்ப்பிருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் ஒவ்வொரு கீமோவுக்கு முன்னாலும் டி.சி. பார்க்க வேண்டும், அது சரியாக இருந்தால்தான் மருந்து ஏற்ற முடியும் என்று இந்தியில் சொன்னார். எனக்குப் புரியவில்லை. இவர் மட்டும் சிரித்துக்கொண்டு, நானே டி.சி.தான் டாக்டர் சாப், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். டாக்டருக்கு அது விளங்கவில்லை. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கை, டோட்டல் கவுண்ட், அதுதான் டி.சி. என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அது மூவாயிரத்துக்குக் கீழே இருந்தால் மருந்து கிடையாது, வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். ஆயிரத்துக்குக் கீழே போனால் காய்ச்சல் வந்தாலே உயிருக்கு ஆபத்து.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த எண்தான் எஜமான். தண்ணீரை இருபது நிமிஷம் கொதிக்க வைத்து ஆற்ற வேண்டும். பச்சையாக எதுவும் கூடாது, கடைத்தயிர் கூடாது, வீட்டுக்கு ஆள் வரக்கூடாது. அவருடைய தட்டு, தம்ளர், துண்டு எல்லாம் தனி. நான் கை கழுவிக் கழுவி விரலிடுக்குகளில் தோல் வெடித்துவிட்டது. செம்பூர் ஸ்டேஷன் ரோட்டில் உள்ள பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு பெண் வந்து ரத்தம் எடுத்துப் போவாள், மத்தியானம் போனில் மராட்டியில் சித்தி முறை வைத்துக் கூப்பிட்டு, மாவ்சி, டி.சி. இவ்வளவு என்பாள். அந்தப் போன் வருகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. முதல் கீமோவுக்கு ஐயாயிரத்து இருநூறு, இரண்டாவதுக்கு மூவாயிரத்து எண்ணூறு. இவர் படுக்கையில் இருந்தபடி, முப்பத்தஞ்சு வருஷம் நான் ஊரையெல்லாம் செக் பண்ணினேன், இப்போ டி.சி. என்னை செக் பண்ணுது என்பார். முதல் தடவை சிரித்தேன். தினமும் சொன்னால் என்ன செய்வது?

மகள் குர்கானில் இருக்கிறாள். ஒரே பிள்ளை. புது வேலை, ஆறு மாதம் கழித்துத்தான் நிரந்தரம் செய்வார்கள், அதுவரை லீவு என்று கேட்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. கடைப் பலகையைக்கூட எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அதனால் ஆங்கில எழுத்தில், பாதி இந்தியும் பாதி தமிழுமாகச் செய்தி அனுப்புவாள். அப்பாவின் சிகிச்சை பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் எல்லாம் விளக்கிச் சொன்னேன். டி.சி. என்று ஒன்று இருக்கிறது, அதுதான் முக்கியம், அதைப் பார்த்துத்தான் எல்லாமே என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. குட்மார்னிங்மா அப்பா ஓகே டி.சி. அவ்வளவுதான். சின்ன எழுத்தில் டி, பக்கத்தில் சி. கேள்விக்குறி கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது. அவள் எதற்குமே குறி போடுகிறவள் இல்லை. நான் சொன்னதை மனதில் வைத்திருந்து கேட்கிறாளே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 5200 என்று பதில் போட்டேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிற படம் ஒன்று வந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு ஒரு நாள் தவறாமல் காலை எட்டு மணிக்கு டி.சி. வந்தது. ரத்தம் எடுக்காத நாளில், நாளைக்குத்தான் எடுப்பாங்க என்று எழுதுவேன். எடுத்த நாளில் எண்ணை எழுதுவேன். அவள் கட்டைவிரல் போடுவாள்.

கொஞ்ச நாளில் அது எனக்குக் கசக்கத் தொடங்கியது. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, துணியை வெந்நீரில் அலசி, கஞ்சி வைத்து, அவர் வாந்தியெடுத்ததைத் துடைத்து, எட்டு மணிக்கு ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் போன் டிங் என்னும். எடுத்துப் பார்த்தால் டி.சி. அப்பாவின் கவுண்ட்டைக் கேட்கத் தெரிகிறதே, அம்மா நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு தடவை கேட்டால் என்ன? எனக்கு முழங்கால் வீங்கிக் கிடந்தது. படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். அதை அவரிடமும் சொல்லவில்லை, அவரால் எதைத் தாங்க முடியும்? பெற்ற பெண் தானாகக் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. பெண் பிள்ளை அப்பா செல்லமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது கீமோ போட்டு ஒன்பதாம் நாள், பரிசோதனைக் கூடத்துப் பெண் சொன்ன எண் ஆயிரத்து நூறு. கீமோவுக்குப் பிறகு கொஞ்சம் இறங்கும் என்று தெரியும், இவ்வளவு இறங்கியதில்லை. டாக்டரைக் கேட்டதற்கு, கவுண்ட் ஏற்றுகிற ஊசி போடுங்கள், காய்ச்சல் வந்தால் உடனே கூட்டி வாருங்கள் என்றார். மறுநாள் காலை மகளிடமிருந்து வழக்கமான செய்தி வந்தது, கூடவே இன்னொன்றும் வந்தது. சனிக்கிழமை வரட்டுமா, அடுத்த வாரம் அவளுடைய வேலையை முடிவு செய்கிற மீட்டிங் இருக்கிறது, ஆனால் வரவேண்டும் என்றால் வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாள். கடைசியில் டி.சி.

நான் 1100 என்று அடித்தேன். அனுப்பவில்லை. இதைப் பார்த்தால் அவள் கிளம்பிவிடுவாள். ஐந்து மாதமாக நாய் படாத பாடு பட்ட வேலை போய்விடும். வந்துதான் என்ன செய்ய முடியும்? வெளியிலிருந்து வருகிறவளை அவர் பக்கத்தில் விடவும் முடியாது. முதல் ஒன்றை அழித்துவிட்டு அங்கே நான்கைப் போட்டேன். 4100. வாய்விட்டு ஒரு தடவை வாசித்தேன். நாலாயிரத்து நூறு, வர வேண்டாம், வேலையைப் பார். அனுப்பிவிட்டேன். இருபத்தெட்டு வருஷம் ஒரு எண்கூட மாறாமல் முத்திரை குத்தியவள் நான்.

கட்டைவிரல் வந்தது. அதோடு ஒரு இதயமும் வந்தது.

இரண்டு நாளில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் தனி அறையில் போட்டார்கள். கவுண்ட் அறுநூறு. கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருக்கும், அதன் வழியாகப் பார்க்கலாம், கவுனும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு தடவை உள்ளே போகலாம். மற்ற நேரமெல்லாம் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி. எட்டு மணிக்கு டிங். டி.சி. நாலாயிரத்து முந்நூறு என்று எழுதினேன். மறுநாள் நாலாயிரத்து ஐநூறு. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன், அப்போதுதான் நம்புவாள். உள்ளே அவருக்கு அறுநூறு ஐநூற்று நாற்பதாக இறங்கியது. போனில் அவருக்கு நான் ஏற்றிய கவுண்ட்டில் பாதியாவது உடம்பில் ஏறக்கூடாதா என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அழுவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதையும் நிறுத்திவிட்டு டீ வாங்கிக் குடித்தேன்.

மகளின் மீட்டிங் நல்லபடியாக முடிந்தது. வேலை நிரந்தரம் என்று எழுதினாள். கீழே டி.சி. எனக்கு அந்த இரண்டெழுத்தைப் பார்க்கவே பயமாகிவிட்டது.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. நான் உள்ளே போனபோது சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்றேன். எங்கே, காட்டு என்று போனை வாங்கினார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு விரலால் மேலே தள்ளினார். அவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பிடுங்க முடியவில்லை, அவர் கையில் ஊசி குத்தியிருந்தது. தன்னுடைய கவுண்ட் ஒவ்வொரு நாளும் எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துக்கொண்டே போனார். டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற அதே முகம். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"ஏளா, டிக்கெட் இல்லாம எத்தன நாளா வாரே?"

சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திட்டவில்லை. மாட்டிக்கொண்டதும் கதை சொல்கிறவர்களை நம்பமாட்டேன், பேசாமல் நிற்கிறவர்கள் மேல்தான் எனக்குப் பாவமாக இருக்கும் என்று வேலையில் இருந்த நாளில் சொல்வார். என் போனிலிருந்தே மகளைக் கூப்பிட்டு, நான் ஆஸ்பத்திரியில் இருக்கேன், இப்போ பரவாயில்லை, உன் அம்மாவுக்குத்தான் முடியலை, வந்து பாரு என்றார். முழங்காலைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், எனக்கு முடியவில்லை என்று ஏன் சொன்னார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அவள் மறுநாள் மத்தியானம் விமானத்தில் வந்து இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கதவின் கண்ணாடியில் நெற்றியை வைத்து அப்பாவைப் பார்த்தாள். அவருடைய தலையில் முடி இல்லை, தோள் எலும்பு தூக்கிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே இருந்து கையை ஆட்டினார். அவள் திரும்பி என்னிடம் வந்தபோது முகம் சிவந்திருந்தது. லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் என்னை உட்கார வைத்து, எதுக்கும்மா என்கிட்ட பொய் சொன்னே என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. குற்றம் என்னுடையது என்று தெரிந்தும் வந்தது.

"தினம் காலங்காத்தால நீ கேட்டா நான் என்னத்தச் சொல்ல? உள்ளதச் சொன்னா வேலய விட்டுட்டு வந்து நிப்பே. கேக்காம இருந்தா நான் ஏன் பொய் சொல்லுதேன்?"

"நான் எப்பம்மா கேட்டேன்?"

போனை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். இது என்ன, இது என்ன என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளிக் காட்டினேன். டி.சி., டி.சி., டி.சி. ஒரு நாள் விட்டிருக்கிறாயா, அப்பா டி.சி. எவ்வளவு என்று கேட்பதைத் தவிர அம்மாவிடம் பேச உனக்கு வேறு ஒன்றும் கிடையாதா என்று, அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்தப் பெஞ்சில் வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள்.

"அம்மா, இது அந்த டி.சி. இல்ல. இது டேக் கேர்."

"அப்படின்னா?"

"மத்லப், உடம்பப் பாத்துக்கோன்னு."

"யார் உடம்ப?"

"உன் உடம்பத்தாம்மா. உனக்குத்தானே அனுப்புறேன்."

நான் போனை வாங்கி மேலேயிருந்து வாசிக்கத் தொடங்கினேன், பழைய ஆபீசில் வாசிப்பது போல, முணுமுணுவென்று. குட்மார்னிங்மா அப்பா ஓகே, உடம்பைப் பார்த்துக்கொள். ஐயாயிரத்து இருநூறு. குட்மார்னிங்மா சாப்பிட்டியா, உடம்பைப் பார்த்துக்கொள். நாளைக்குத்தான் எடுப்பாங்க. சாப்பிட்டியா என்று அவள் கேட்டது எத்தனையோ நாள் இருக்கிறது, அதையும் நான் பார்த்ததில்லை. என் கண் நேராகக் கடைசி இரண்டெழுத்துக்குத்தான் போயிருக்கிறது. அறுபது நாளாக ஒருத்தி என்னை விசாரித்திருக்கிறாள், நான் அவளுக்கு வெள்ளை அணுக்களை எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

நீ தினமும் ரிப்போர்ட் அனுப்புகிறாய் என்று நினைத்தேன், நம்பர் நன்றாக இருந்ததால்தான் நிம்மதியாக இருந்தேன், இல்லாவிட்டால் அந்தச் சனிக்கிழமையே வந்திருப்பேன் என்றாள். அவள் கேட்காத கேள்விக்கு நான் பொய்யைப் பதிலாகச் சொல்லி, அந்தப் பொய்யைச் சொல்லியே அவளை அப்பாவிடம் வரவிடாமல் நிறுத்தியிருக்கிறேன். அந்த ஐந்து நாளில் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால்? வெட்கமாக இருந்தது. அதோடு ஆத்திரமும் வந்தது. ஒரு முழு வார்த்தையை எழுதினால் என்னடி குறைந்துபோகும் உனக்கு என்று கேட்டேன். அவள் சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டாள். நானும் அழுதேன். எதிரே இருந்த அம்மாள் எழுந்து வந்து, என்ன ஏது என்று கேட்காமல், தன்னுடைய பிஸ்கட் பாக்கெட்டை எங்கள் நடுவே வைத்துவிட்டுப் போனார்.

கவுண்ட் எண்ணூறானது, பிறகு ஆயிரத்துத் தொள்ளாயிரம், பிறகு இரண்டாயிரத்து நானூறு. அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மகள் இரண்டு வாரம் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். கஞ்சியில் உப்பை இரண்டு தடவை போடுவாள் அல்லது மறந்துவிடுவாள். அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். அவள் ஊருக்குக் கிளம்புகிற நாளில் கவுண்ட் மூவாயிரத்து அறுநூறு. நாலாவது கீமோவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. இன்னும் மூன்று பாக்கி. இன்னும் மூன்று தடவை இறங்கும், மூன்று தடவை ஏற வேண்டும் என்று நினைத்தபோதே எனக்கு அலுப்பாக இருந்தது.

அவள் போன மறுநாள் காலை எட்டு மணிக்குப் போன் டிங் என்றது. அவள் ஒன்றையும் மாற்றிக்கொள்ளவில்லை. குட்மார்னிங்மா ரீச்டு டி.சி. என்று இருந்தது.

அவர் கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்தார். லிஃப்டுக்குப் பக்கத்துப் பெஞ்சில் நடந்ததை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை, அவருக்கு அது பழைய கேள்விதான்.

"டி.சி. கேக்காளா? மூவாயிரத்து அறுநூறுன்னு போடு. உள்ளதப் போடு."

"அது உங்களுக்கு இல்ல. எனக்கு."

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை. போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அவர் உடம்பைப் பற்றி எப்போது கேட்டாலும் என்னிடம் ஒரு எண் இருந்தது. என் உடம்பைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை, யாரும் எண்ணிப் பார்த்ததில்லை, நானும் எண்ணவில்லை. நல்லாருக்கேன் என்று அடித்தேன். அது இன்னொரு நாலாயிரத்து நூறு என்று தோன்றியது. அழித்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தேன். பழக்க தோஷத்தில் அடிக்க அடிக்க வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

"முழங்கால் வீங்கியிருக்கு. ரெண்டு மாசமா இருக்கு. படி ஏற முடியல."

அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். அவர் கஞ்சித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமாவா?" என்றார்.

ஆமாம் என்றேன்.